‘சென்சார்’ என்பதை ஃபின்னிஷில் எழுதுவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

தமிழிலிருந்து ஃபின்னிஷுக்கு மொழிபெயர்க்கத் தொடங்குபவர்கள் ‘சென்சார்’, ‘தணிக்கை’ என்ற சொற்கள் வரும்போதெல்லாம் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். வாக்கியம் இலக்கணப்படி சரியாகத்தான் இருக்கும். ஆனால் நடக்காத ஒரு குற்றத்தை யாரோ செய்ததாகச் சொல்லிவிடும். எந்த வரிசையில் யோசித்தால் இது நேராது என்பதைப் பார்ப்போம்.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு குறிப்பு. ஃபின்னிஷில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். நெடில் குறில் மாறினால் பொருளும் மாறும். மேலே இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ‘ஏ’ (ä) எழுத்துக்குத் தமிழில் நேர் ஒலி இல்லாததால் இங்கே அகரம், ஆகாரத்தாலேயே காட்டியிருக்கிறேன். அகராதியில் தேட வேண்டிய முக்கியச் சொற்களுக்கு எழுத்துக்கூட்டும் உண்டு.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று போதும். ஒன்று, பின்லாந்தின் மொழி ஆய்வு நிறுவனமான கோதுஸ் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் கியெலிதொய்மிஸ்தொ அகராதி. இது ஃபின்னிஷுக்கு ஃபின்னிஷிலேயே பொருள் சொல்லும் அகராதி. தொடக்கத்தில் சிரமமாக இருந்தாலும் எடுத்துக்காட்டுத் தொடர்களுக்காகவே இதைத் திறக்க வேண்டும்.

இரண்டு, ஃபின்லெக்ஸ். பின்லாந்துச் சட்டங்களின் தளம். சட்டவாசகம் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்று, ஃபின்னிஷ் மொழித் தரவு வங்கியான கியெலிபங்கியின் கோர்ப் தேடல். ஒரு சொல் செய்தித்தாள்களில் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று காட்டும். நீங்கள் எழுதிய தொடரை ஃபின்னிஷ்காரர்கள் உண்மையில் எழுதுகிறார்களா என்று கடைசியில் சோதிக்கவும் இதுதான் உதவும்.

தானியங்கி மொழிபெயர்ப்பை முதல் படியாக வைக்காதீர்கள். தமிழ்ச் சொல் ஆங்கிலம் வழியாகப் போகும்போது, அடுத்த படியில் சொல்லும் குழப்பம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடலாம்.

2. எந்தச் ‘சென்சார்’ என்று பிரியுங்கள்

சொல்லைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. படத்தைப் பார்த்துச் சான்று தரும் சென்சாரும், கதவருகே நின்றால் விளக்கை எரிய வைக்கும் சென்சாரும் தமிழில் ஒரே எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. ஃபின்னிஷில் இரண்டும் வேறு வேறு. கருவிக்கு ‘அன்துரி’ என்பதே வழக்கமான சொல்.

கருவிக்கு ‘ஸென்ஸொரி’ என்ற சொல்லும் உண்டு, எழுத்துக்கூட்டு எஸ்-ஈ-என்-எஸ்-ஓ-ஆர்-ஐ. தொடக்கநிலையாளர்கள் அதிகம் சறுக்குவது இந்தச் சொல்லில்தான். தணிக்கை அதிகாரி என்ற பொருளும் இதற்கு இருக்கிறது, அதனால் அகராதியில் வரும். ஆனால் இன்றைய பின்லாந்தில் ‘ஸென்ஸொரி’ என்றதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருபவர் வேறு ஆள். மேல்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் யுலியொப்பிலஸ் தேர்வின் விடைத்தாளை முதலில் ஆசிரியர் திருத்துவார். பிறகு தேர்வு வாரியத்தின் ‘ஸென்ஸொரி’ திருத்தி மதிப்பெண்ணை முடிவு செய்வார். ‘ஸென்ஸொரி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்’ என்று ஒரு மாணவர் புலம்பினால் அதில் தணிக்கை எதுவும் இல்லை.

பண்டைய ரோமில் மக்கள்தொகைப் பதிவையும் ஒழுக்கத்தையும் கவனித்த அதிகாரி என்றால் ‘கென்ஸொரி’. வரலாற்று நூல்களில் இந்த வடிவம்தான் வர வேண்டும். அங்கே ‘ஸென்ஸொரி’ என்று எழுதினால் ரோமாபுரியில் விடைத்தாள் திருத்தியது போல ஆகிவிடும்.

இன்னொரு பிரிவு, கண்டனம். ஆங்கிலத்தில் தணிக்கைக்கும் கண்டனத்துக்கும் உள்ள சொற்கள் ஒரே சாடையில் இருப்பதால் ஆங்கில மூலத்தைப் பார்த்து வேலை செய்பவர்கள் மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஒருவரைக் குறை கூறுவதற்கு ‘மொய்த்திய’. நாடாளுமன்றத்தில் அரசின் மீது நம்பிக்கையில்லை என்று சொல்வதற்கு ‘எபலுஒத்தமுஸ்லவுஸெ’. இரண்டிலும் எதுவும் மறைக்கப்படுவதில்லை.

கடைசியாக, தமிழின் ‘தணிக்கை’. கணக்குத் தணிக்கைக்கும் திரைப்படத் தணிக்கைக்கும் நமக்கு ஒரே சொல். ஃபின்னிஷும் இங்கே நம்மோடு ஓரளவு ஒத்துப்போகிறது. ‘தர்கஸ்துஸ்’ என்றால் சோதித்துப் பார்த்தல். கணக்குத் தணிக்கை ‘திலின்தர்கஸ்துஸ்’, திரைப்படத் தணிக்கை ‘எலொகுவதர்கஸ்துஸ்’. ஆகவே தமிழ் மூலத்தில் ‘தணிக்கை’ என்று இருந்தால் உடனே லத்தீன் வேரிலிருந்து வந்த ‘ஸென்ஸூரி’ (தணிக்கை) என்ற சொல்லுக்குத் தாவாமல், முதலில் ‘தர்கஸ்துஸ்’ பொருந்துகிறதா என்று பாருங்கள். பல நேரம் பொருந்தும்.

3. யார், எப்போது, என்ன செய்தார் என்று எழுதி வையுங்கள்

பொருள் தெரிந்துவிட்டது, உள்ளடக்கத்தை அடக்குவதுதான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது மூன்று கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள். செய்தது அரசா, ஆசிரியரா, தள நிர்வாகியா, எழுதியவரேயா? வெளியாகும் முன்னா, வெளியான பிறகா? நீக்கினார்களா, மறைத்தார்களா, மொத்தமாகத் தடுத்தார்களா?

இது ஏன் தேவை என்றால், தணிக்கை செய்வதைக் குறிக்கும் ‘ஸென்ஸுரொய்த’ என்ற வினை நடுநிலையான சொல் அல்ல. அதிகாரம் உள்ளவர் கருத்தை ஒடுக்கினார் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. வசைச்சொல் இருந்த ஒரு பின்னூட்டத்தை நிர்வாகி எடுத்துவிட்டால், செய்தியாக எழுதுபவர் ‘பொய்ஸ்தா’ என்பார், நீக்கினார் என்று பொருள். பின்னூட்டம் போட்டவர்தான் ‘ஸென்ஸூரிய!’ என்று கத்துவார். யாருடைய வாயில் சொல்லை வைக்கிறீர்கள் என்பது மூன்று கேள்விக்கும் பதில் எழுதிய பிறகுதான் தெளிவாகும்.

4. வினைச்சொல்லைக் கையாளுதல்

‘ஸென்ஸுரொய்த’, எழுத்துக்கூட்டு எஸ்-ஈ-என்-எஸ்-யூ-ஆர்-ஓ-ஐ-டி-ஏ. பாடநூல்களில் இரண்டாம் வகை என்று சொல்லப்படும் வினை. கடைசி ‘த’வை எடுத்துவிட்டு விகுதி சேர்த்தால் போதும். நான் என்றால் ‘ஸென்ஸுரொய்ன்’, அவர் என்றால் ‘ஸென்ஸுரொய்’, அவர்கள் என்றால் ‘ஸென்ஸுரொய்வத்’.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘-ஒய்த’ என்று முடியும் வினைகளில் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே வடிவம். ‘லெஹ்தி ஸென்ஸுரொய்’ என்றால் பத்திரிகை தணிக்கை செய்கிறது என்றும் ஆகும், செய்தது என்றும் ஆகும். எனவே செய்வினையில் எழுதினால் ஆண்டையோ நாளையோ வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முடிந்துபோன விஷயம் இன்றும் தொடர்வதாகப் படிக்கப்படும்.

செயப்பாட்டு வடிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை. செய்யப்படுகிறது ‘ஸென்ஸுரொய்தான்’, செய்யப்பட்டது ‘ஸென்ஸுரொய்த்தீன்’. செய்தவர் தெரியாதபோது ஃபின்னிஷ் இந்த வடிவத்தைத்தான் விரும்புகிறது. ‘இன்னாரால்’ என்று சேர்க்க முயலாதீர்கள். ஆளைச் சொல்ல வேண்டுமானால் செய்வினைக்கே திரும்பிவிடுங்கள், ஃபின்னிஷில் அதுதான் இயல்பு.

பெயரடையாக வரும்போது தணிக்கை செய்யப்பட்டது ‘ஸென்ஸுரொய்த்து’, செய்யப்படாதது ‘ஸென்ஸுரொய்மத்தொன்’. இரண்டாவது சொல்லுக்கு முன்னால் எதிர்மறைச் சொல் தனியாகப் போட வேண்டாம். விகுதியிலேயே ‘இல்லாத’ என்பது அடங்கிவிட்டது.

புள்ளியியல் கட்டுரையில் ‘ஸென்ஸுரொய்த்து’ வந்தால் பதற வேண்டாம். ஆய்வு முடியும்வரை நிகழ்வு நேராததால் முழுக் கால அளவு தெரியாத தரவுக்கு அதுதான் பெயர்.

5. பெயர்ச்சொல்: அமைப்பா, செயலா, ஆளா?

இங்கே மூன்று சொற்கள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

‘ஸென்ஸூரி’ என்பது தணிக்கை என்ற நிலைமை, ஏற்பாடு, அமைப்பு. எழுத்துக்கூட்டில் இரண்டு யூ வரும்: எஸ்-ஈ-என்-எஸ்-யூ-யூ-ஆர்-ஐ. ஒன்றை விட்டால் அப்படி ஒரு சொல்லே இல்லை. வினைச்சொல்லில் ஒற்றை யூ, பெயரில் இரட்டை யூ. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

‘ஸென்ஸுரொய்ந்தி’ என்பது தணிக்கை செய்யும் செயல். ஒரு குறிப்பிட்ட கட்டுரையைத் தணிக்கை செய்தது பற்றிப் பேசினால் இது. இதற்கு வேற்றுமை உருபு சேரும்போது ஒலி மாறும்: கட்டுரையைத் தணிக்கை செய்ததன் என்ற பொருளில் ‘ஸென்ஸுரொய்ன்னின்’. உள்ளே இருந்த ‘ந்த்’ இரட்டை ‘ன்ன்’ ஆகிவிடுகிறது. ‘ஸென்ஸூரி’யில் இந்த மாற்றம் கிடையாது, ‘ஸென்ஸூரின்’ என்று நேராகப் போகும்.

ஆளைச் சொல்ல ‘ஸென்ஸுரொய்ய’. யார் செய்தாலும் இது பொருந்தும். அரசுப் பதவி என்று காட்ட வேண்டுமென்றால் ‘ஸென்ஸூரிவிரனொமய்னென்’, தணிக்கை அதிகார அமைப்பு. பழைய ரஷ்யப் பேரரசுக் காலப் பதவியைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘ஸென்ஸொரி’யைத் துணிந்து பயன்படுத்தலாம். 1829 தணிக்கை ஆணை போன்ற சூழல் பக்கத்திலேயே இருந்தால் யாரும் தேர்வு வாரியத்தை நினைக்க மாட்டார்கள்.

‘இது தணிக்கை’ என்று எழுதும்போது பெரும்பாலோர் தவறுகிறார்கள். ‘தம ஒன் ஸென்ஸூரி’ என்று எழுதிவிடுவார்கள். எண்ண முடியாத பொருளைப் பயனிலையாக வைத்தால் ஃபின்னிஷ் பார்ட்டிட்டிவ் (பகுதியை அல்லது அளவிடாத பொருளைக் காட்டும்) வேற்றுமை கேட்கும். ‘தம ஒன் ஸென்ஸூரிய’ என்பதே சரி.

கூட்டுச்சொற்கள் தாராளமாக உருவாகும். வெளியாகும் முன் நடப்பது ‘என்னக்கொஸென்ஸூரி’. தானே தன்னை அடக்கிக்கொள்வது ‘இத்ஸெஸென்ஸூரி’. போர்க்காலத்தது ‘ஸொதஸென்ஸூரி’. இணையத்தில் நடப்பது ‘நெத்திஸென்ஸூரி’. கூட்டுச்சொல்லை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். இடைவெளி விட்டால் ஃபின்னிஷ் வாசகர் கண்ணில் உடனே படும் பிழை அது.

6. எதைத் தணிக்கை செய்தார்கள்: வேற்றுமை

செயப்படுபொருளின் வேற்றுமை ஃபின்னிஷில் வெறும் அலங்காரம் இல்லை, செயலின் அளவை அதுதான் சொல்கிறது.

‘லெஹ்தி ஸென்ஸுரொய் அர்திக்கெலின்’ என்றால் கட்டுரை மீதான வேலை முழுதாக முடிந்தது. ‘அர்திக்கெலிய’ என்று பார்ட்டிட்டிவில் வைத்தால் செயல் நடந்துகொண்டிருக்கிறது, அல்லது கொஞ்சம் கைவைத்தார்கள். எதிர்மறை வாக்கியத்தில் எப்போதும் பார்ட்டிட்டிவ்தான். செயப்பாட்டில் முழுப் பொருள் எந்த உருபும் இல்லாமல் நிற்கும்: ‘அர்திக்கெலி ஸென்ஸுரொய்த்தீன்’.

ஒரு பகுதியை மட்டும் எடுத்தார்கள் என்றால் ‘-ஸ்த’ உருபு: ‘அர்திக்கெலிஸ்த பொய்ஸ்தெத்தீன் கொல்மெ கப்பலெத்த’, கட்டுரையிலிருந்து மூன்று பத்திகள் நீக்கப்பட்டன. முடிந்தவரை இப்படி எழுதுங்கள். எவ்வளவு போனது என்று வாசகருக்கே தெரிந்துவிடுவதால் ‘தணிக்கை’ என்ற தீர்ப்பை நீங்கள் சொல்ல வேண்டிய தேவை குறைகிறது.

தானே அடக்கிக்கொண்டால் ‘ஸென்ஸுரொய்த இத்ஸெஆன்’, அல்லது இன்னும் இயல்பாக ‘ஹர்யொய்த்தா இத்ஸெஸென்ஸூரிய’.

7. பக்கத்துச் சொற்களில் சரியானதைத் தேர்தல்

மூன்றாம் படியில் எழுதிய பதில்களை இப்போது எடுங்கள்.

ஆவணத்தில் சில வரிகளைக் கருப்பாக்கினால் ‘முஸ்தத’, அல்லது அலுவலக நடையில் ‘பெய்த்தா’, அதாவது மூடுதல். தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை மேல் ‘பீப்’ போட்டால் ‘பீபத’. முகத்தை மங்கலாக்கினால் ‘ஸுமென்தா’. இணையதளத்தை முடக்கினால் ‘எஸ்தா’, எழுத்துக்கூட்டு ஈ-எஸ்-டி, பிறகு புள்ளி வைத்த ஏ இரண்டு. பத்திரிகையையே இழுத்து மூடினால் ‘லக்கவுத்தா’. அச்சான பிரதிகளைப் பறிமுதல் செய்தால் ‘தகவரிகொய்த’.

ஆளை வாயடைக்கச் செய்தால் ‘வயென்தா’. போராட்டத்தை ஒடுக்கினால் ‘துகஹ்துத்தா’. எழுத்துக்கு இதைப் போட்டால் உவமையாகத்தான் படிக்கப்படும். அதிகாரிகள் தர வேண்டிய தகவலைத் தராமல் அமுக்கி வைத்தால் ‘பிமித்தா’. பேச்சுமொழியில் இந்தச் சொல்லுக்குக் காரம் அதிகம், செய்தித்தலைப்புக்கு அருமையாகப் பொருந்தும். யாரும் தடை போடாமலேயே ஊடகங்கள் சேர்ந்து கண்டுகொள்ளாமல் விட்டால் ‘வயெத குஒலியாக்ஸி’, பேசாமலேயே சாகடிப்பது. இதை ‘ஸென்ஸூரி’ என்று எழுதினால் உறுதியாகத் தவறு, ஏனென்றால் இங்கே அதிகாரச் செயல் எதுவும் இல்லை.

தணிக்கைக்குள் சிக்கியது என்று சுவையாகச் சொல்ல வேண்டுமா? ‘யொஉதுஅ ஸென்ஸூரின் ஹம்பய்ஸீன்’, தணிக்கையின் பற்களில் மாட்டுவது. கட்டுரைக்குச் சரி, சட்ட ஆவணத்துக்கு வேண்டாம்.

8. தமிழ்ச் சினிமாச் செய்தி: ஒரு முழு எடுத்துக்காட்டு

‘படம் சென்சார் ஆகிவிட்டது, யு/ஏ கிடைத்திருக்கிறது.’ தமிழ் வாசகருக்கு இதில் எந்த வில்லங்கமும் இல்லை. வாரியம் படத்தைப் பார்த்தது, சான்றிதழ் கொடுத்தது, ரிலீஸுக்குத் தயார். தயாரிப்பாளருக்கு நல்ல செய்தி.

அதையே ‘எலொகுவ ஸென்ஸுரொய்த்தீன்’ என்று எழுதினால் ஃபின்னிஷ் வாசகர், அரசு படத்தை வெட்டிச் சிதைத்துவிட்டது என்று படிப்பார். நல்ல செய்தி கெட்ட செய்தியாகிவிடும். சரியான வடிவம்: ‘எலொகுவ தர்கஸ்தெத்தீன், ய ஸெ ஸை யுஏ-லுஒகிதுக்ஸென்’. சோதிக்கப்பட்டது, யுஏ வகைப்பாடு பெற்றது.

அடுத்த வரி, ‘மூன்று இடங்களில் வசனம் மியூட்.’ இங்கே தணிக்கை உண்மையில் நடந்திருக்கிறது, ஆனாலும் செயலையே சொல்லுங்கள்: ‘வுஒரொஸனத் ம்யுகிஸ்தெத்தீன் கொல்மெஸ்ஸ கொஹ்தஸ்ஸ’. காட்சியையே வெட்டினால் ‘லெய்கத’. வெட்டுப்படாத பதிப்பு ‘லெய்க்காமத்தொன்’. படத்துக்கு இது ‘ஸென்ஸுரொய்மத்தொன்’ என்பதைவிட இயல்பு.

வாரியத்தின் பெயர். 1983 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயரில் ‘சென்சார்’ இல்லை, ‘சான்றளிப்பு’தான் இருக்கிறது. நம் பேச்சில் மட்டும் ‘சென்சார் போர்டு’ நிலைத்துவிட்டது. எனவே ‘இந்தியன் எலொகுவியென் லுஒகிதுஸ்லவுதகுன்த’ என்று வகைப்பாட்டு வாரியமாக எழுதுங்கள். மூலத்தில் பேசுபவர் கோபத்தில் ‘சென்சார் போர்டு’ என்று திட்டினால் மட்டும் மேற்கோளுக்குள் ‘ஸென்ஸூரி’யைக் கொண்டுவரலாம்.

யுஏவை ஃபின்னிஷ் வயது எல்லையாக மாற்றி எழுதும் ஆசை வரும். செய்யாதீர்கள். பின்லாந்தில் 7, 12, 16, 18 என்ற எல்லைகள். இந்தியாவில் 2023 திருத்தச் சட்டத்துக்குப் பின் யுஏ 7+, 13+, 16+. எண்கள் நெருக்கமாகத் தோன்றினாலும் விதிகள் வேறு. இந்திய வகைப்பாட்டை அப்படியே வைத்து, அது இந்தியாவினுடையது என்று ஒரு சொல் சேருங்கள்.

பின்லாந்தின் சொந்த வரலாற்றைத் தொடும்போது ஆண்டைப் பாருங்கள். 1946 முதல் 2011 வரை இருந்த அமைப்பின் பெயர் ‘வல்தியொன் எலொகுவதர்கஸ்தமொ’, அரசுத் திரைப்படச் சோதனையகம். பெயரிலேயே சோதனைதான், தணிக்கை இல்லை. பெரியவர்களுக்கான படங்களை முன்கூட்டிச் சோதிப்பது 2001-லேயே முடிந்துவிட்டது. 2012 முதல் பயிற்சி பெற்ற வகைப்பாட்டாளர்கள் வயது எல்லை இடுகிறார்கள். ஆகவே இன்றைய பின்லாந்துப் படத்துக்கு ‘எலொகுவதர்கஸ்துஸ்’ என்று எழுதினால் அது பழைய சொல், ‘லுஒகிதுஸ்’ (வகைப்பாடு) என்பதே பொருந்தும்.

9. சட்டம், அரசு ஆவணம்

சட்ட நடையில் ‘ஸென்ஸூரி’யைத் தேடி ஏமாறுவார்கள். பின்லாந்து அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கருத்துரிமையைச் சொல்லும்போது முன்தணிக்கை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. தகவலையும் கருத்தையும் வெளியிடவும் பெறவும் உள்ள உரிமையை ‘கெனென்கான் என்னகொல்த எஸ்தமத்த’ என்கிறது: யாரும் முன்கூட்டியே தடுக்காமல். தமிழ்ச் சட்டக் கட்டுரையில் ‘முன்தணிக்கை இன்றி’ என்று வந்தால் இந்தத் தொடரையே எடுத்தாளுங்கள். ‘என்னக்கொஸென்ஸூரி’ விளக்கவுரையில் வரலாம், சட்டவாசகமாக வராது.

தகவல் கேட்டுப் பெற்ற ஆவணத்தில் கருப்புப் பட்டைகள் இருந்தால் அது ‘ஸென்ஸுரொய்த்து’ அல்ல. 1999-ஆம் ஆண்டின் 621-ஆம் எண் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, ஓர் ஆவணத்தின் ஒரு பகுதி மட்டும் ரகசியம் என்றால் மீதியைத் தர வேண்டும். ரகசியப் பகுதி ‘ஸலஸ்ஸ பிதெத்தவ’, அதை ‘பெய்த்தா’ செய்கிறார்கள். இங்கே தணிக்கை என்று எழுதினால் சட்டப்படி நடந்ததைச் சட்டவிரோதம் என்று சொன்னதாகும்.

போர்க்காலக் கடித உறைகளில் இரண்டு குடும்பச் சொற்களும் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம்: ‘ஸொதஸென்ஸூரின் தர்கஸ்தம’. போர்த் தணிக்கை சோதித்தது. தணிக்கை அமைப்பின் பெயர், சோதிப்பது அதன் வேலை. கடிதத்தில் வெட்டு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த முத்திரை இருக்கலாம். அதனால் ‘தணிக்கை செய்யப்பட்ட கடிதம்’ என்ற தமிழ் விளக்கத்தை ‘ஸென்ஸுரொய்த்து கிர்யெ’ என்று திருப்பாதீர்கள். ‘தர்கஸ்தெத்து கிர்யெ’ போதும்.

10. அனுப்பும் முன்

எழுதி முடித்ததை இந்த வரிசையில் பாருங்கள், மாற்றிப் பார்த்தால் நேரம்தான் வீண். முதலில் ‘ஸென்ஸொரி’ எங்காவது இருக்கிறதா என்று தேடி, ஒவ்வொன்றும் எந்தப் பொருள் என்று உறுதி செய்யுங்கள். அடுத்து எல்லா ‘ஸென்ஸுரொய்த’ வடிவங்களையும் எடுத்து, அந்த இடத்தில் ‘பொய்ஸ்தா’, ‘எஸ்தா’, ‘தர்கஸ்தா’ மூன்றில் ஒன்றைப் போட்டுப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

அதன்பின் இரட்டை யூ, கூட்டுச்சொல் இடைவெளி, எதிர்மறையில் பார்ட்டிட்டிவ். கடைசியாகக் கோர்பில் தொடரைத் தேடுங்கள். தேடும்போது அகராதி வடிவத்தைக் கொண்டு தேடும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். நேரடி எழுத்தைத் தேடினால் ‘ஸென்ஸுரொய்ன்னின்’ போல உருமாறிய வடிவங்கள் விடுபட்டுப்போகும், சொல் வழக்கிலேயே இல்லை என்று தப்பாக முடிவு செய்துவிடுவீர்கள்.